ராக்ஸ்பரியின் ஓரத்தில் ஓர் எபோலா ஆய்வகம்: பாஸ்டன் மக்களின் எதிர்ப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஆய்வகத்தைப் பற்றிய பக்கம் இது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைநகரான பாஸ்டனில், ஆல்பனி தெருவில், பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தை ஒட்டி ஏழு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. புதிதாகத் தலையெடுக்கும் தொற்றுநோய்களுக்கான தேசிய ஆய்வகங்கள் என்ற நீண்ட பெயர் அதற்கு உண்டு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'நீடில்' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். அது சவுத் எண்ட் பகுதியில், ராக்ஸ்பரியின் எல்லைக்கு அருகில் இருக்கிறது. 2003இல் அறிவிக்கப்பட்ட இந்தத் திட்டத்தை எதிர்த்து அப்பகுதி மக்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கூட்டங்களிலும் நீதிமன்றங்களிலும் போராடினார்கள். கட்டடம் 2008இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் மிகக் கொடிய கிருமிகள் மீதான ஆய்வுக்கு நகரப் பொதுச் சுகாதார ஆணையத்தின் அனுமதி 2017 டிசம்பரில்தான் கிடைத்தது.

'நிலை 4' ஆய்வகம் என்பது என்ன?

நோய்க்கிருமிகளைக் கையாளும் ஆய்வகங்களை உயிரியல் பாதுகாப்பின் அடிப்படையில் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். எபோலா, மார்பர்க், லாசா, நிபா போன்று, இறப்பு விகிதம் மிகுந்ததும் பெரும்பாலும் நம்பகமான சிகிச்சையோ தடுப்பூசியோ இல்லாததுமான கிருமிகளுக்கு நான்காம் நிலை. அங்கே பணியாற்றுபவர்கள் தனிக் காற்றுக்குழாய் இணைக்கப்பட்ட முழு உடல் கவசம் அணிகிறார்கள். அறையின் காற்றழுத்தம் வெளியே உள்ளதைவிடக் குறைவாக வைக்கப்பட்டு, வெளியேறும் காற்று, மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டிகள் வழியாகவே செல்கிறது. கழிவுநீர் கொதிநிலைக்கு மேல் சூடாக்கப்பட்ட பிறகே வெளியேற்றப்படுகிறது. பாஸ்டன் கட்டடத்தில் இத்தகைய பகுதி மொத்தப் பரப்பில் ஒரு சிறு பங்குதான்; எஞ்சியவை இரண்டாம், மூன்றாம் நிலை ஆய்வறைகளும் அலுவலகங்களும். ஆயினும் சர்ச்சை முழுவதும் அந்தச் சிறு பங்கைப் பற்றியதாகவே இருந்தது.

இது ஏன் அந்த இடத்தில் கட்டப்பட்டது?

2001 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தூள் அடங்கிய கடிதங்கள் அஞ்சலில் அனுப்பப்பட்டு 5 பேர் இறந்தனர், 17 பேர் நோயுற்றனர். அதன் பின் உயிரியல் தாக்குதல்களுக்கு எதிரான ஆய்வுக்கு மத்திய அரசு பெருந்தொகையை ஒதுக்கியது. 2003 செப்டம்பரில் தேசிய சுகாதார நிறுவனங்கள் என்ற மத்திய அமைப்பு, டெக்சஸின் கால்வெஸ்டனுக்கும் பாஸ்டனுக்கும் ஆளுக்கொரு பெரிய ஆய்வகம் கட்ட நிதி வழங்கியது. பாஸ்டனுக்கு முதலில் அறிவிக்கப்பட்டது சுமார் 12 கோடி டாலர். இறுதியில் மொத்தச் செலவு ஏறத்தாழ 20 கோடி டாலரை எட்டியது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது மத்திய அரசு அன்று. நிதிக்கு விண்ணப்பித்த பல்கலைக்கழகமே தன் வசமிருந்த நிலத்தைக் காட்டியது. மருத்துவக் கல்லூரி அருகில் இருக்கிறது, அறிவியலாளர்கள் நடந்தே வந்து சேரலாம், உடன் பணியாற்ற ஹார்வர்டும் எம்ஐடியும் பக்கத்தில் இருக்கின்றன என்பவை அவர்கள் கூறிய காரணங்கள். ஆய்வாளர்களின் வசதியை அளவுகோலாகக் கொண்டால் அவை நியாயமானவையே. அண்டையில் வாழ்பவர்களை அளவுகோலாகக் கொண்டு வேறு இடங்களோடு முறையாக ஒப்பிடும் வேலை, நிதி கிடைத்து, வடிவமைப்பு முடிந்து, கட்டுமானமும் தொடங்கிய பிறகுதான் நடந்தது. இந்த வரிசைப் பிறழ்வே முழு வழக்கின் வேர் என்பது இப்பக்கத்தை எழுதுபவரின் கருத்து. கீழே வரும் பல பதில்கள் இதனிடமே திரும்ப வரும்.

எதிர்த்தவர்கள் யார்?

ராக்ஸ்பரியைத் தளமாகக் கொண்ட 'சமூகம் மற்றும் சுற்றுச்சூழலுக்கான மாற்றுகள்' என்ற சுற்றுச்சூழல் நீதி அமைப்பும், அப்பகுதிவாசிகள் அமைத்த 'சேஃப்டி நெட்' குழுவும் முன்னின்றன. டீசல் பேருந்துகளின் புகைக்கு எதிராகப் போராடிய அனுபவம் முதல் அமைப்புக்கு ஏற்கெனவே இருந்தது. வழக்குகளில் பாதுகாப்புச் சட்ட அறக்கட்டளை போன்ற அமைப்புகளும் குடிமை உரிமை வழக்கறிஞர்களும் துணை நின்றனர். 2004இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த 150க்கும் மேற்பட்ட பேராசிரியர்களும் அறிவியலாளர்களும் திட்டத்தை எதிர்த்துப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளிப் பேராசிரியர் டேவிட் ஓசனாஃப், முதலில் ஆதரித்துப் பின்னர் எதிர்ப்பாளராக மாறியவர். மறுபுறம், மேயர் தாமஸ் மெனினோவும் செனட்டர் எட்வர்ட் கென்னடியும் கட்டுமானத் தொழிற்சங்கங்களும் திட்டத்தை ஆதரித்தனர்.

'எளிதில் பாதிப்புக்குள்ளாகும் மக்கள்' என்பது உணர்வைத் தூண்டும் சொல்லா, அளக்கக்கூடிய உண்மையா?

அளக்கக்கூடிய உண்மை. ராக்ஸ்பரியில் வாழ்பவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் ஆவர். ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் விகிதம் நகரின் பிற பகுதிகளைவிட அங்கே வெகுகாலமாக அதிகம். ஆய்வகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே, காப்பீடு இல்லாத ஏழைகள் நாடிவரும் பாஸ்டன் மருத்துவ மையம், வீடற்றோர் தங்குமிடங்கள், போதைப்பழக்கச் சிகிச்சை நிலையங்கள் ஆகியவை உள்ளன. மாவட்டச் சிறையும் தொலைவில் இல்லை.

தொற்றுநோய் பரவலைக் கணக்கிடுபவருக்கு இந்தப் பட்டியலின் பொருள் வேறு. காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே தனித்திருங்கள் என்ற அறிவுரை வீடு இல்லாதவருக்குப் பொருந்தாது. எச்ஐவி, நீரிழிவு, கர்ப்பம், முதுமை ஆகியவற்றால் எதிர்ப்புத்திறன் மாறியிருக்கும் உடலில் அதே அளவு கிருமி கூடுதல் கேடு விளைவிக்கலாம். நாள்கூலி வேலைக்குச் செல்பவர் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் போகிறார். அதற்குள் அவர் பல பேருந்துகளில் பயணித்திருப்பார். சிறைக்கைதியை அவசரமாக வெளியேற்ற எவராலும் எளிதில் முடியாது.

பிற்காலத்து எடுத்துக்காட்டு ஒன்று இதைத் தெளிவாக்கும். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் பாஸ்டனின் பெரிய வீடற்றோர் தங்குமிடம் ஒன்றில் 408 பேருக்குக் கொரோனா பரிசோதனை செய்தபோது 147 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை. அந்தத் தொற்றுக்கும் ஆய்வகத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் அப்படிப்பட்ட கூரையின் கீழ் ஒரு கிருமி நுழைந்தால் எவ்வளவு தூரம் ஓசையின்றிப் போகும் என்று எதிர்ப்பாளர்கள் 2004இலேயே எழுப்பிய கேள்விக்கு அந்த எண்கள் ஒரு விடை.

அப்பகுதி மக்களின் அவநம்பிக்கைக்கு முந்தைய வரலாறு ஏதும் உண்டா?

உண்டு. 1950களில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் சவுத் எண்டின் 'நியூயார்க் ஸ்ட்ரீட்ஸ்' என்ற குடியிருப்பு முழுவதும் இடிக்கப்பட்டது. அடுத்த பதிற்றாண்டில், நகருக்குள் வரவிருந்த அதிவேக நெடுஞ்சாலைக்காக ராக்ஸ்பரி, ஜமைக்கா பிளெயின் பகுதிகளில் வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. மக்கள் எதிர்ப்பால் அந்தச் சாலை பின்னர் கைவிடப்பட்டது, வீடுகள் மட்டும் போனது போனதுதான். ஊர் நன்மைக்கு என்று சொல்லப்பட்ட திட்டங்களின் சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்ற ஒரு சமூகம், இம்முறை விளக்கம் கேட்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆய்வகங்களிலிருந்து கிருமிகள் வெளியேறியதற்கு உண்மையான சான்றுகள் உள்ளனவா?

பல உள்ளன. 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், பெரியம்மை ஆய்வறைக்கு மேல்தளத்தில் பணியாற்றிய மருத்துவப் புகைப்படக் கலைஞர் ஜேனட் பார்க்கர் அந்நோய் தொற்றி இறந்தார். உலகில் பெரியம்மைக்குப் பலியான கடைசி மனிதர் அவரே. 1979இல் சோவியத் நகரான ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் இராணுவ நிலையமொன்றிலிருந்து ஆந்த்ராக்ஸ் காற்றில் கலந்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004இல் பெய்ஜிங் வைரஸ் ஆய்வு நிறுவனத்தில் சார்ஸ் தொற்றிய ஆய்வாளர்கள் வழியாக நோய் வெளியே பரவி, ஆய்வு மாணவி ஒருவரின் தாய் உயிரிழந்தார். 2007இல் இங்கிலாந்தின் பிர்பிரைட்டில் பழுதான கழிவுநீர்க் குழாய் வழியே கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியது.

இவற்றில் பெரும்பாலானவை நான்காம் நிலை ஆய்வகங்களில் நடந்தவை அல்ல என்ற மறுப்பு சரியானது. ஆனால் பெய்ஜிங்கில் தவறியவை சுவர்களல்ல, பழக்கவழக்கங்களும் கண்காணிப்பும்தான். 2001 ஆந்த்ராக்ஸ் கடிதங்களை அனுப்பியவர் என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ முடிவுக்கு வந்ததும், அமெரிக்க இராணுவத்தின் சொந்த உயிரியல் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அறிவியலாளர் ஒருவரைத்தான். வெளியிலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்கக் கட்டப்படும் ஆய்வகங்களின் பெருக்கமே உள்ளிருந்து வரும் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்ற வாதத்துக்கு அதனால் வலு கூடியது.

பாஸ்டன் பல்கலைக்கழகத்திலேயே விபத்து நடந்ததாகச் சொல்கிறார்களே?

நடந்தது, எதிர்ப்பின் போக்கை மாற்றியதும் அதுதான். 2004 மே மாதத்தில் இரண்டு ஆய்வாளர்களும் செப்டம்பரில் மற்றொருவரும் முயல் காய்ச்சல் எனப்படும் டுலரீமியாவால் பாதிக்கப்பட்டனர். தடுப்பூசிக்குப் பயன்படும் வலுவிழந்த வகையைத்தான் கையாள்கிறோம் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். ஆனால் அந்த மாதிரியில் நோய் உண்டாக்கும் வகை கலந்திருந்தது. பாதுகாப்புப் பெட்டிக்குள் செய்ய வேண்டிய சில வேலைகள் திறந்த மேசையில் செய்யப்பட்டதும் பின்னர் தெரியவந்தது. மூவரும் குணமடைந்தனர். டுலரீமியா மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை என்பதால் ஊருக்கு ஆபத்தும் ஏற்படவில்லை.

பிரச்சினை, தெரிவித்த விதத்தில் இருந்தது. நகரச் சுகாதார அதிகாரிகளுக்குத் தகவல் போனது நவம்பரில். பொதுமக்களுக்குத் தெரியவந்தது 2005 ஜனவரியில். இடையிலிருந்த மாதங்களில்தான் புதிய ஆய்வகம் முற்றிலும் பாதுகாப்பானது என்று கூட்டங்களில் உறுதியளிக்கப்பட்டு, அனுமதிகளும் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. நோயைவிட அந்த மௌனமே பெரிய சேதம். மூன்று பேரின் காய்ச்சலை உரிய காலத்தில் சொல்லாத நிறுவனம் எபோலா ஊசி விரலில் குத்தினால் அன்றே சொல்லிவிடும் என்று நம்ப, கேட்பவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

நீதிமன்றங்கள் என்ன சொல்லின?

இரண்டு தடங்களில் வழக்கு நடந்தது: ஒன்று மாநிலச் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ், மற்றொன்று மத்தியச் சட்டத்தின் கீழ்.

மாநில வழக்கின் மையம் எளிமையானது. பல்கலைக்கழகம் அளித்த சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, மிக மோசமான விபத்து என்று ஆந்த்ராக்ஸ் வெளியேற்றத்தைக் கணக்கிட்டிருந்தது. ஆந்த்ராக்ஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. ஆகவே கட்டடத்துக்கு வெளியே காற்றில் எவ்வளவு கலைந்துபோகும் என்று கணக்கிட்டாலே போதுமானதாகிவிடுகிறது. தொற்றிய ஆய்வாளர் ஒருவர் தமக்கே தெரியாமல் மாலையில் வெளியே நடந்து சென்றால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த அறிக்கையில் எழவே இல்லை. மக்கள் நெருக்கம் குறைந்த வேறு இடத்தில் கட்டினால் விளைவு மாறுமா என்பதும் ஆராயப்படவில்லை. இந்த இரண்டு குறைகளையும் சுட்டிக்காட்டி, அறிக்கையை ஏற்று மாநிலச் சுற்றுச்சூழல் செயலர் அளித்த சான்று தன்னிச்சையானது என்று 2006இல் நீதிபதி ரால்ஃப் கான்ட்ஸ் அதைச் செல்லாததாக்கினார். (அவர் பிற்காலத்தில் அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார்.) 2007 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

ஆனால் கட்டுமானத்தை எந்த நீதிமன்றமும் நிறுத்தவில்லை. 2006இல் தொடங்கிய வேலை, தீர்ப்புகள் வந்துகொண்டிருக்கும்போதே தளம் தளமாக உயர்ந்தது. எதிர்ப்பாளர்கள் சட்டத்தில் வென்றார்கள், தெருவில் கட்டடம் வென்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

நிதி வழங்கிய மத்திய அமைப்பு இதற்கிடையே 2007இல் துணை ஆபத்து மதிப்பீட்டு வரைவொன்றை வெளியிட்டது. அதை ஆராய்ந்த தேசிய ஆய்வு மன்றத்தின் குழு, அந்த வரைவு அறிவியல் அடிப்படையில் உறுதியானதாகவோ நம்பத்தக்கதாகவோ இல்லை என்று அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தது. மோசமான சூழ்நிலைகள் முழுமையாக வகுக்கப்படவில்லை, மாற்று இடங்களை ஒப்பிடத் தேவையான தகவல் இல்லை என்பவை குழு கண்ட குறைகள். இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றவர்களும் மாலைக் கூட்டங்களில் எழுந்து நின்று கேட்டவையும் இவையே. நாட்டின் முதன்மையான அறிவியலாளர் குழுவின் தாளில் வந்தபோதுதான் அவற்றுக்கு எடை கூடியது.

2012இன் இறுதி மதிப்பீடு ஆபத்து மிகக் குறைவு என்றுதானே கூறியது?

ஆம். 2012இல் வெளியான அந்த விரிவான அறிக்கை 13 கிருமிகளை எடுத்துக்கொண்டு, ஊசி குத்துதல், மையவிலக்குக் கருவியிலிருந்து துளிகள் சிதறுதல், நிலநடுக்கம் போன்ற நிகழ்வுகளைக் கணக்கிட்டது. குழந்தைகள், முதியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், எச்ஐவி தொற்றுள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரைத் தனியாகக் கவனத்தில் கொண்டது. பாஸ்டனோடு, புறநகரான டிங்ஸ்பரோவையும் நியூஹாம்ப்ஷயரின் கிராமப்புறமான பீட்டர்பரோவையும் ஒப்பிட்டது. பொதுமக்களுக்கான ஆபத்து மூன்று இடங்களிலும் மிகக் குறைவு என்பதே முடிவு. 2013இல் மத்திய நீதிமன்ற நீதிபதி பாட்டி சாரிஸ் அரசுத் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

இது தரமான ஆவணம் என்பதை எதிர்ப்பாளர்களும் மதிக்க வேண்டும். 2007 வரைவோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆயினும் மூன்று இடங்களில் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவில் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் காத்திருக்கும்போது நடக்கும் ஒப்பீடு எவ்வளவு திறந்த மனதோடு நடக்க முடியும் என்பது நியாயமான ஐயம். மேலும், நிகழ்தகவு மிகச் சிறிதாக இருந்தாலும் அந்தச் சிறிது யார் தலையில் விழும் என்பதை எந்தக் கணக்கும் தீர்மானித்துத் தராது.

எதிர்த்தவர்கள் அறிவியலுக்கே எதிரானவர்களா?

இல்லை. எபோலாவுக்கு மருந்து காணக் கூடாது என்று எவரும் வாதிடவில்லை. இங்கே, பாஸ்டனிலிருந்து ஆற்றுக்கு மறுகரையிலுள்ள கேம்பிரிட்ஜ் நகரின் அனுபவத்தை நினைவுகூர வேண்டும். 1976இல், அப்போது புதிதாயிருந்த மரபணு இணைப்பு ஆய்வை ஹார்வர்டு தொடங்க முற்பட்டபோது, மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சியின் தலைமையில் நகர மன்றம் அதற்குத் தற்காலிகத் தடை விதித்தது. பின்னர் அறிவியலாளர் அல்லாதவர்களே பெரும்பான்மையாக இருந்த குடிமக்கள் குழுவொன்று மாதக்கணக்கில் அமர்ந்து இரு தரப்பையும் விசாரித்தது. ஆய்வைக் கூடுதல் நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. 1977இல் அது நகரச் சட்டமானது. உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்கள் அதனால் ஓடிவிடவில்லை. இன்று உலகிலேயே அவை மிகுந்து குவிந்துள்ள இடங்களுள் ஒன்று கேம்பிரிட்ஜ். அதே நகரத்தின் சட்டம் நான்காம் நிலை மரபணு இணைப்பு ஆய்வை அனுமதிப்பதில்லை.

வசதி படைத்த பல்கலைக்கழக நகரான கலிஃபோர்னியாவின் டேவிஸ், 2003இல் இதே மத்திய நிதிக்கு அங்குள்ள பல்கலைக்கழகம் விண்ணப்பித்தபோது எதிர்த்தது. நகர மன்றமே எதிர்ப்புத் தெரிவித்தது, நிதி கிடைக்கவில்லை. ராக்ஸ்பரி மக்கள் எதிர்த்தபோது அவர்களுடைய மேயர் எதிர்ப்பக்கம் இருந்தார். இந்த ஒப்பீட்டை வாசகர் தம் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம்.

வேலைவாய்ப்பு கிடைக்கும் என்று உறுதியளிக்கப்பட்டதே?

கட்டுமானத்தில் சுமார் 1,300, நிரந்தரமாக 660 என்று கூறினார்கள். கட்டுமான வேலை உண்மையாகவே கிடைத்தது. நிரந்தர வேலைகளில் பெரும்பகுதி உயர்கல்வி பெற்றவர்களுக்கானது.

இப்போது அங்கே என்ன நடக்கிறது?

2012இல் இரண்டாம் நிலை ஆய்வு தொடங்கியது. பின்னர் மூன்றாம் நிலை. 2018இல் எபோலா, மார்பர்க் ஆய்வுகள் தொடங்கின. 2020 முதல் கொரோனா வைரஸ் ஆய்வில் இந்நிலையம் குறிப்பிடத்தக்க பங்காற்றியது என்பதை மறுப்பதற்கில்லை.

2022 அக்டோபரில் மீண்டும் சர்ச்சை எழுந்தது. தொடக்ககாலக் கொரோனா வைரஸின் உடலில் ஒமிக்ரானின் கூர்ப்புரதத்தைப் பொருத்திய கலப்பு வைரஸை அங்குள்ள ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். அது தொற்றிய 10 எலிகளில் 8 இறந்தன. மூல வைரஸ் அதே வகை எலிகள் அனைத்தையும் கொன்றதால் கலப்பு வைரஸ் வீரியம் குறைந்ததே என்று பல்கலைக்கழகம் விளக்கியது. அறிவியல் நோக்கில் அது கவனிக்கத்தக்க விளக்கம். நகரச் சுகாதார ஆணையம் அந்த ஆய்வை முன்னரே அனுமதித்திருந்தது. ஆனால் மத்திய நிதி அமைப்போ தன்னிடம் முன்கூட்டித் தெரிவித்திருக்க வேண்டும் என்றது; அந்த ஆய்வுக்கு நேரடி மத்திய நிதி இல்லை என்பதால் தேவையில்லை என்றது பல்கலைக்கழகம். யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது 2004ஐப் போலவே 2022இலும் தீராத கேள்வியாக இருந்தது.

அப்படியானால் எதிர்ப்பு தோற்றதுதானா?

இடத்தை மாற்ற முடியவில்லை என்ற அளவில் தோற்றது. ஆனால் முதல் அறிக்கையில் இல்லாத தொற்றுப் பரவல் கணக்கும் இட ஒப்பீடும் எளிதில் பாதிப்புக்குள்ளாகும் மக்கள் பற்றிய ஆய்வும் நீதிமன்றக் கட்டாயத்தால்தான் வந்தன. மூன்றாம், நான்காம் நிலை ஆய்வுகள் ஒவ்வொன்றும் நகர ஆணையத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்ற விதி பாஸ்டனில் இருக்கிறது; பெரும்பாலான அமெரிக்க நகரங்களில் அத்தகைய அதிகாரம் கிடையாது. இரகசிய ஆய்வு நடத்துவதில்லை என்று பல்கலைக்கழகம் உறுதியளித்தது.

வேறோர் ஊரில் இத்தகைய திட்டம் வந்தால் மக்கள் எதை முதலில் கேட்க வேண்டும்?

காலத்தைக் கேட்க வேண்டும். இட ஒப்பீடு நிதி ஒப்பந்தத்துக்கு முன் நடந்ததா, பின் நடந்ததா என்பதற்கு நாளிட்ட ஆவணம் இருக்கும். அதைப் பெறாமல் பாதுகாப்பு அம்சங்கள் பற்றிய விளக்கக் கூட்டங்களுக்குள் போனால், வடிகட்டிகளின் தரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு மாதங்கள் கழியும், அதற்குள் அடித்தளம் போடப்பட்டிருக்கும். மோசமான விபத்தாக எந்தக் கிருமியைக் கணக்கிட்டார்கள், அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவக்கூடியதா என்பது அடுத்த கேள்வி. ஆய்வாளர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் எத்தனை மணி நேரத்தில் ஊர்ச் சுகாதார அலுவலருக்குத் தெரிவிப்பார்கள், தெரிவிக்கத் தவறினால் ஆய்வகத்தை மூடும் அதிகாரம் யாருக்கு என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். பாஸ்டனில் அடித்தளம் தோண்டப்பட்ட பிறகு இடம் குறித்த எந்தத் தீர்ப்பாலும் கட்டடத்தை அசைக்க முடியவில்லை. தெரிவிக்கும் விதிகளையோ, ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதும் கடுமையாக்க முடியும்.